'மரியோ'வுக்கு கோடு எழுதியது யார்? வீடியோ கேமிலும் கோடம்பாக்கத்திலும் காணாமல்போன பெயர்கள்

தொண்ணூறுகளில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே ஞாபகம் இருக்கும். டிவி கேம் ஓடாவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, அடியில் 'உஃப்' என்று ஊதி, மறுபடி சொருக வேண்டும். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கிவந்த அந்த கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போனால் அதே ஏழெட்டு கேம்தான் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா, டாங்கி சண்டை. கோடை விடுமுறை அதிலேயே முடிந்துவிடும்.

இதையெல்லாம் செய்தது யார் என்று அப்போது யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அந்த கேசட்டுகளில் பெரும்பாலானவை திருட்டு நகல்கள். கேம் தொடங்கும்போது வரும் நிறுவனத்தின் பெயரையே பல நகல்களில் துடைத்து எடுத்திருப்பார்கள்.

சரி, அசல் கேசட்டில் மட்டும் இருந்ததா? 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஜப்பானில் 1985-ல் வெளியானது. எட்டு உலகத்தையும் தாண்டி, கடைசி கோட்டையில் இளவரசியை மீட்டால், நன்றி சொல்லி சில வரிகள் வரும். அவ்வளவுதான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உருவாக்கிய ஒருவர் பெயர்கூட அந்த கேமில் கிடையாது. நிண்டெண்டோ என்ற நிறுவனத்தின் பெயர் மட்டும்.

அதை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ பிற்பாடு உலகப் புகழ் பெற்றார். ஆனால், அதற்கு கோடு எழுதியவர்கள் நிண்டெண்டோ ஊழியர்களே இல்லை. எஸ்.ஆர்.டி என்ற சிறிய தனி நிறுவனத்தின் புரோகிராமர்கள். தோஷிஹிகோ நகாகோ, கசுவாகி மொரிதா ஆகிய பெயர்கள் கேம் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களைத் தாண்டி இன்றும் அதிகம் தெரியாது. அந்த எஸ்.ஆர்.டி-யை நிண்டெண்டோ முறைப்படி வாங்கிக்கொண்டதே 2022-ல்தான். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வெளியாகி 36 ஆண்டுகள் கழித்து!

கோடுக்குள் ஒரு விசிட்டிங் கார்டு

மரியோ முதன்முதலில் வந்தது அதற்கும் முன்னால், 1981-ல் வெளியான 'டாங்கி காங்' கேமில். காசு போட்டு விளையாடும் பெரிய பெட்டி கேம் அது. அன்றைய நிண்டெண்டோவிடம் இதை முழுசாகத் தானே செய்துமுடிக்கும் அளவுக்கு புரோகிராமர்கள் இல்லை. வேலை இகெகாமி சுஷின்கி என்ற நிறுவனத்துக்குப் போனது. தொலைக்காட்சி நிலையங்களுக்கு கேமரா செய்துதரும் கம்பெனி அது.

கேமில் இகெகாமியின் பெயர் எங்கும் இல்லை. ஆனால், அந்த இயந்திரத்தின் சிப்பைக் கழற்றி, உள்ளே பதிந்திருப்பதை வரிவரியாகப் படித்தால் ஒரு செய்தி கிடைக்கும். இந்தப் புரோகிராமைப் பிரித்துப் பார்க்கச் சிரமமாக இருந்தால் நாங்கள் சொல்லித்தருகிறோம் என்று உடைந்த ஆங்கிலத்தில் ஒரு அழைப்பு. கூடவே நிறுவனத்தின் பெயர், தொலைபேசி எண், எக்ஸ்டென்ஷன் நம்பர் வரைக்கும்! விளையாடுபவர் கண்ணில் அது ஒருபோதும் படாது. திருடிப் பிரிப்பவன் கண்ணில் மட்டும்தான் படும்.

அடுத்த பாகமான 'டாங்கி காங் ஜூனியர்' வந்தபோது பிரச்சினை வெடித்தது. தங்கள் கோடைப் பிரித்துப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள் என்று சொல்லி, 1983-ல் இகெகாமி நிண்டெண்டோ மீது வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. அந்தப் பஞ்சாயத்து நடந்ததால்தான் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பதே வெளியில் வந்தது. இரண்டு பேரும் சுமுகமாகப் போயிருந்தால், 'டாங்கி காங்' இன்றைக்கும் முழுக்க நிண்டெண்டோ கைவேலை என்றே நம்பிக்கொண்டிருப்போம்.

ஏன் மறைத்தார்கள்?

காரணம் ரொம்ப சாதாரணமானது. பெயர் தெரிந்தால் ஆளைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம்.

இது ஜப்பானுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் எழுபதுகளின் கடைசியில் இதையே செய்தது. கேசட் லட்சக்கணக்கில் விற்றது. எழுதியவர் பெயர் அட்டையில் இல்லை. கடுப்பாகி வெளியே வந்த டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நான்கு புரோகிராமர்கள் 1979-ல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். வாரன் ராபினெட் என்ற இன்னொரு புரோகிராமர் வேறு வழியைப் பிடித்தார். 'அட்வென்சர்' கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது.

ஜப்பானில் அந்தத் துணிச்சல் வேறு மாதிரி வெளிப்பட்டது. நாம்கோவின் 'செவியஸ்' கேமைச் செய்த மசானோபு எண்டோ, தொடங்கிய உடனே விமானத்தை வலது ஓரத்துக்கு ஓட்டிக் குண்டு போட்டுக்கொண்டே இருந்தால் தன் புனைபெயர் திரையில் வரும்படி செய்துவைத்தார். காப்காமின் 'மெகா மேன்' வரிசையில் பெயர் பட்டியலே உண்டு. ஆனால் அதில் இருப்பவர் 'யூக்கிச்சானின் அப்பா'. நம் ஊரில் 'ரமேஷ் அப்பா' என்பார்களே, அதேதான். அந்த அப்பாவின் நிஜப்பெயர் யோஷிஹிரோ சகாகுச்சி, ஒலி புரோகிராமர்.

எல்லாவற்றிலும் உச்சம் கொனாமியின் 'காஸில்வேனியா'. ஜப்பானில் 1986-ல் வந்தது. டிராகுலாவைக் கொன்று முடித்ததும், பழைய பேய்ப்படம் போலவே டைட்டில் ஓடும். ஆனால் அத்தனையும் கிண்டல் பெயர்கள். இசை: ஜேம்ஸ் பனானா. இங்கிலாந்தின் டிராகுலா படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரை உருட்டி எடுத்த வாழைப்பழம் அது. உண்மையில் அந்த இசைக்குப் பின்னால் இருந்தவர் கினுயோ யமாஷிதா. கல்லூரி முடித்துவிட்டு அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம்பெண். உடன் வேலை பார்த்த சதோயே தெராஷிமாவும் பெண்தான். 'மெகா மேன்' முதல் பாகத்துக்கு இசையமைத்த மனாமி மட்சுமாயேவும் பெண்ணே. அந்தக் காலத்து ஜப்பானிய கேம் இசையில் கணிசமான பகுதி இப்படி இளம்பெண்கள் போட்டது. உலகம் முழுக்க அதை முணுமுணுத்தவர்களுக்கு ஜேம்ஸ் என்றொரு ஆண் பெயர்தான் கையில் இருந்தது.

இதற்கும் ஒருபடி மேலே போய், பெயரில்லாமல் இருப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனமும் உண்டு. கியோட்டோவில் 1979-ல் தொடங்கப்பட்ட டோசே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்களில் அதன் கை இருக்கிறது. பெரும்பாலானவற்றில் பெயர் இருக்காது. வாடிக்கையாளரின் பெயருக்குப் பின்னால் நிற்பதுதான் எங்கள் பாணி என்று வெளிப்படையாகவே சொல்லும் கம்பெனி.

ஒரே படம், மறைந்த இரண்டு பெயர்கள்

"இதெல்லாம் நமக்குப் புதுசா?" என்று கோடம்பாக்கத்தில் யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான்.

1948-ல் வெளியானது 'அபிமன்யு'. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான படம். அர்ஜுனனாக எம்.ஜி.ஆர். வசனம் என்ற இடத்தில் இருந்த பெயர் ஏ.எஸ்.ஏ.சாமி. ஆனால் அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. அதற்கு முந்தைய 'ராஜகுமாரி'யில் (1947) 'உதவி' என்றாவது அவர் பெயர் வந்தது. இதில் அதுவும் இல்லை. தியேட்டரில் போய் உட்கார்ந்து தன் பெயரைத் தேடி ஏமாந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பெயர் இன்னும் பிரபலமாகவில்லை என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட சமாதானம். பெயர் போட்டால்தானே பிரபலமாகும் என்று திருப்பிக் கேட்கிற இடத்தில் அன்று அவர் இல்லை.

அதே படத்தின் இசைக்கூடத்தில் இன்னொரு பையன். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, ஆர்மோனியம் பழகிக்கொண்டிருந்தவர். ஒரு பாட்டுக்கு மெட்டு அமையாமல் நாயுடு சிரமப்பட்டாராம். அவர் வெளியே போயிருந்த நேரத்தில் இந்தப் பையன் ஆர்மோனியத்தை எடுத்து ஒரு மெட்டைப் போட்டுப் பார்க்க, அது நாயுடுவுக்குப் பிடித்துவிட்டது. மெட்டு படத்தில் வந்தது. யார் போட்டது என்பது வெளியே வரவில்லை. ஆபீஸ் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அடக்கி வாசிக்கச் சொன்னாராம் நாயுடு. திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட கதை இது. அந்தப் பையன் எம்.எஸ்.விஸ்வநாதன். பின்னாளில் சாந்தோம் வீட்டிலிருந்து தமிழ்நாட்டையே பாட வைத்தவர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜூபிடர் சென்னைக்கு இடம் மாறும்போது, "நீங்கள் ரசித்த மெட்டுகளில் பல இவன் போட்டவை, இவனை விட்டுவிடாதீர்கள்" என்ற பொருளில் முதலாளியிடம் உண்மையைப் போட்டு உடைத்தவரும் அதே நாயுடுதான் என்பார்கள். மறைத்தவரே கொடுத்த சாட்சி. ஜப்பானிய கேம் ஆராய்ச்சியாளர்கள் இன்று இதைத்தான் தேடி அலைகிறார்கள்: பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் வாக்குமூலம்.

பாடகர்கள் கதையும் இதே ரகம். ஏவி.மெய்யப்பன் 1945-ல் 'ஸ்ரீவள்ளி' எடுத்தபோது, கதாநாயகி குமாரி ருக்மணியின் பாட்டில் திருப்தி இல்லாமல், பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்துக் குரலை மாற்றினார். திரையில் ஒரு முகம், ஒலியில் இன்னொருவர் என்பது மக்களுக்குப் பழகாத காலம் அது. மும்பையில் 1949-ல் வந்த 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடகியின் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது படத்தில் மதுபாலா நடித்த கதாபாத்திரம்! யார் இந்தக் குரல் என்று ரசிகர்கள் நச்சரித்த பிறகே லதா மங்கேஷ்கர் பெயர் வெளியில் வந்தது. ஜேம்ஸ் பனானாவுக்கு அக்கா முறை வேண்டும் இந்தக் காமினி.

பாடகர்களும் வசனகர்த்தாக்களும் காலப்போக்கில் டைட்டிலுக்குள் வந்துவிட்டார்கள். வயலின் பிடித்தவர், புல்லாங்குழல் ஊதியவர், கீபோர்டு வாசித்தவர் வர ரொம்ப நாள் ஆனது. 'ரோஜா'வுக்கு (1992) முன்பு திலீப் என்ற பெயரில் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்த இளைஞரும் அந்தப் பெயரில்லாத கூட்டத்தில் ஒருவர்தான். அதனால்தானோ என்னவோ, ஏ.ஆர்.ரஹ்மான் ஆனபிறகு கேசட், சி.டி உறைகளில் வாத்தியக் கலைஞர்கள் பெயரைத் தனித்தனியாக அச்சிடும் பழக்கத்தைப் பரவலாக்கினார். 'புல்லாங்குழல் நவீன்', 'டிரம்ஸ் சிவமணி' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது அந்தச் சின்ன எழுத்துகளால்தான்.

எப்படித் தேடுகிறார்கள்?

தமிழ் சினிமாவில் இந்த வேலைக்கு முதல் ஆதாரம் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்றது. கதைச் சுருக்கம், பாட்டு வரிகள், கூடவே நடிகர்கள், கலைஞர்கள் பட்டியல். படச்சுருள் அழிந்துபோன எத்தனையோ படங்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது அதுதான். அடையாறை ஒட்டிய தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுசு முழுக்கச் சேர்த்தவற்றை அடித்தளமாகக் கொண்டு 1994-ல் உருவான நூலகம் அது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி ஆளாக, படம் படமாகக் குறித்துவைத்த தகவல்கள் இல்லாவிட்டால் தமிழ் சினிமாவின் பாதி பெயர்களுக்கு ஆதாரமே இருந்திருக்காது. 2016-ல் மறைந்தார்.

கேம் விஷயத்தில் பாட்டுப் புத்தகத்தின் இடத்தில் இருப்பது சிப். அதில் பதிந்த கோடை முழுசாக நகலெடுத்து, திரையில் வராத எழுத்துகள் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'டாங்கி காங்' செய்தி கிடைத்தது அப்படித்தான். பிறகு, கேமின் இசை தனி ஆல்பமாக வந்திருந்தால் அதன் உறை. அதன்பின் ஜப்பானிய இசை உரிமை அமைப்பான ஜாஸ்ராக்கின் பதிவுகள். ராயல்டி விஷயம் என்பதால் அங்கே யாரும் 'பனானா' என்று எழுதிக்கொடுக்க மாட்டார்கள், இல்லையா?

இவை எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுவது நேரில் போய்க் கேட்பது. ஜான் செபானியாக் என்ற பத்திரிகையாளர் ஜப்பானிய கேம் உருவாக்குநர்களைத் தேடித்தேடிப் பேட்டி எடுத்து 2014-லிருந்து புத்தகங்களாக வெளியிட்டார். டோக்கியோவில் கேம் பாதுகாப்புச் சங்கம் ஒன்று பழைய டிஸ்குகளையும் ஆவணங்களையும் சேர்த்துவருகிறது. அவசரம் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் இருபது வயதில் கோடு எழுதியவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்குதான் ஜப்பானும் இந்தியாவும் பிரிகின்றன. ஜப்பானிய காப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் புரோகிராமுக்குப் பொதுவாக நிறுவனமே 'ஆசிரியர்'. உரிமையாளர் மட்டுமில்லை; ஆசிரியரே நிறுவனம்தான். அப்படியென்றால் என் பெயரைப் போடு என்று கேட்கும் உரிமையும் நிறுவனத்துக்கே போய்விடுகிறது.

இந்தியாவின் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் கதை வேறு. ஊழியர் எழுதியதன் முதல் உரிமையாளர் நிறுவனம் என்று 17-வது பிரிவு சொல்கிறது. ஆனால் எழுதியவர்தான் ஆசிரியர். காப்புரிமையை விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியரிடம் தங்கும் என்கிறது 57-வது பிரிவு. கம்ப்யூட்டர் புரோகிராமும் இந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்புதான். 2012 திருத்தத்தில் பாடகர், வாத்தியக் கலைஞர் போன்ற நிகழ்த்துபவர்களுக்கும் பெயருக்கான உரிமை 38-பி பிரிவாக வந்தது.

ஏட்டில் பலமான உரிமை. நடைமுறையில், வேலைக்குச் சேரும்போது நீட்டப்படும் ஒப்பந்தத்தில் 'தார்மிக உரிமைகளைக் கோரமாட்டேன்' என்று ஒரு வரி இருப்பது சகஜம். யாரும் படிப்பதில்லை. முதல் வேலை, முதல் சம்பளம். எவன் பதினோராம் பக்கத்தைப் படிப்பான்?

சென்னைப் பையனுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. வெளிநாட்டு கேம்களுக்குக் காரும் கட்டடமும் கதாபாத்திரங்களும் வரைந்துகொடுக்கும் வேலை இந்தியாவுக்கு வர ஆரம்பித்து கால் நூற்றாண்டு ஆகிறது. 1997-ல் பெங்களூருவில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இதில் முன்னோடி. 2019-ல் அதை 'ஜி.டி.ஏ' புகழ் ராக்ஸ்டார் வாங்கியது. சென்னையில் அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ் படித்து முடிக்கும் பிள்ளைகள் போய்ச் சேரும் வேலைகளில் இதுவும் ஒன்று. அங்கே அடுத்த வேலைக்கு சிபாரிசுக் கடிதம் எடுபடாது. எந்த கேமின் டைட்டிலில் உன் பெயர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இல்லையென்றால், ரகசிய ஒப்பந்தம் காரணமாக 'நான்தான் செய்தேன்' என்று வெளியில் சொல்லவும் முடியாது. மூன்று வருட உழைப்பு பயோடேட்டாவில் வெற்று இடமாக நிற்கும்.

பெரிய நிறுவனங்களின் விதிகளும் கறார். 2011-ல் 'எல்.ஏ.நுவார்' வெளிவந்தபோது, அதில் வேலைபார்த்த நூற்றுக்கும் மேற்பட்டோர் பெயர் விடுபட்டிருந்தது. முன்னாள் ஊழியர்களே ஒரு இணையதளம் தொடங்கி அந்தப் பெயர்களை வெளியிட்டார்கள். 2018-ல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமின் டைட்டிலில், வெளியீட்டுக்கு முன்பே வேலையை விட்டவர்களுக்கு இடமில்லை. தனியாக ஒரு இணையப் பக்கத்தில் நன்றி சொன்னார்கள். 2021-ல் 'மெட்ராய்டு டிரெட்' வந்தபோது, மொத்த உருவாக்க காலத்தில் கால்வாசிக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்குப் பெயர் கிடையாது என்று அதைச் செய்த ஸ்பெயின் நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

எனவே ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டியவை இரண்டு. கேம் வெளிவரும் முன் நான் விலகினால் என் பெயர் வருமா? வெளிவந்த பிறகு என் போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்ளலாமா? வாய்வார்த்தையில் "பாத்துக்கலாம் தம்பி" என்றால் அதை எழுத்தில் வாங்குவது நல்லது. 'அபிமன்யு' காலத்திலும் அது வாய்வார்த்தையாகத்தான் இருந்தது.

பெயர் ஒருமுறை வந்துவிட்டால் நிலைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2002-ல் வந்த 'மெட்ராய்டு பிரைம்' கேமில் அதை உருவாக்கியவர்கள் பெயர் முறையாக ஓடியது. 2023 பிப்ரவரியில் நிண்டெண்டோ அதே கேமைப் புதுப்பித்து வெளியிட்டது. பழைய குழுவினரின் பெயர்கள் இருந்த இடத்தில், அசல் கேமின் ஊழியர்களுடைய வேலையை அடிப்படையாகக் கொண்டது என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருந்தது. பழைய குழுவில் இருந்த புரோகிராமர் ஒருவர் இதை ட்விட்டரில் வெளிப்படையாகக் கண்டித்தார்.